பெருந்தொற்றில் பெண்களுக்கு மறுக்கப்பட்ட சிகிச்சை: கதவு எங்கே மூடியது, எந்தச் சட்டம் கைகொடுக்கும்?

செங்காந்தள்:
2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தபோது வந்த அத்தியாவசியப் பட்டியலில் மளிகை, பால், மருந்து எல்லாம் இருந்தன. சானிட்டரி நாப்கின் இல்லை. மார்ச் 29 அன்று உள்துறைச் செயலர் மாநிலங்களுக்கு எழுதிய விளக்கக் கடிதத்தில்தான் அது சேர்ந்தது. ஐந்து நாள்தானே என்று விட்டுவிட முடியாது. ஆலை மறுபடி ஓட ஆள் வர வேண்டும், ஆளுக்குப் பாஸ் வேண்டும், லாரி வேண்டும். பள்ளி வழியாக இலவச நாப்கின் வாங்கிவந்த பிள்ளைகளுக்குப் பள்ளி மூடிய அன்றே அந்த வழி அடைந்துபோனது.

அடுத்த தொற்று வருவதற்குள் மாவட்ட அளவில் ஒரு தயார்நிலைக் குறிப்பு எழுத வேண்டும் என்று சிலர் சேர்ந்து வேலை செய்கிறோம். "பெண்கள் அதிகம் பாதிக்கப்பட்டனர்" என்ற பொதுப்பேச்சு அதற்கு உதவாது. எந்த இடத்தில், எந்த விதியால், எந்தக் காகிதம் இல்லாததால் சிகிச்சை நின்றது? அங்கே எழுத்தில் என்ன இருந்திருந்தால் நின்றிருக்காது? துறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதிகை மருத்துவர்:
முதல் இடம் பிரசவ வார்டு வாசல். "கோவிட் ரிசல்ட் கொண்டு வாங்க, அப்புறம் அட்மிஷன்."

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 ஏப்ரல் 20 அன்று, தொற்று அதிகமுள்ள பகுதிகளில் ஐந்து நாளுக்குள் பிரசவம் எதிர்பார்க்கும் பெண்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்யச் சொன்னது. நோக்கம் நல்லது. தரையில் அது "ரிசல்ட் இல்லாமல் பிரசவம் இல்லை" என்று திரிந்துவிட்டது. மே 18 அன்று வந்த திருத்திய உத்தியில்தான், பரிசோதனை இல்லை என்பதற்காகப் பிரசவம் உட்பட எந்த அவசரச் சிகிச்சையையும் தள்ளிப்போடக் கூடாது என்று தனி வரி வந்தது. அதற்குப் பிறகும், ஜூன் முதல் வாரத்தில், நொய்டாவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் 13 மணி நேரம் எட்டு மருத்துவமனைகள் அலைந்து ஆம்புலன்ஸிலேயே இறந்தார். ஆக, வரி எழுதினால் மட்டும் போதாது. வாசலில் நிற்கும் ஊழியர் கைக்கு அந்த வரி போய்ச் சேர்ந்ததா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏன் மறுத்தார்கள் என்பதையும் நேர்மையாகப் பேசுவோம். ஒரே ஒரு நோயாளிக்குப் பாசிட்டிவ் வந்ததும் மருத்துவமனையையே மூடி சீல் வைத்த இடங்கள் உண்டு. சிறிய நர்சிங் ஹோமுக்கு 14 நாள் மூடல் என்றால் சம்பளமே போட முடியாது. அப்படி ஒரு தண்டனையைத் தலைமேல் தொங்கவிட்டுவிட்டு "யாரையும் மறுக்காதே" என்று சொன்னால் எடுபடாது. குறிப்பில் முதல் வரி இதுவாக இருக்கட்டும்: தொற்று கண்டால் அந்த அறையைக் கிருமிநீக்கம் செய்து, தொடர்பிலிருந்த ஊழியரை மட்டும் ஒதுக்க வேண்டும், கட்டடத்தை மூடக் கூடாது.

வலி வந்தவரைத் தொற்று இருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்கும் முறை ஒன்றும் சிக்கலானதில்லை. தனி அறை, தனிக் கழிப்பறை, உள்ளே இரண்டு பேர், வெளியே பொருள் எடுத்துக் கொடுக்க ஒருவர். ஸ்வாப் எடுத்து அனுப்பிவிட்டு வேலையைத் தொடர வேண்டியதுதான்.

மேல்மருத்துவமனைக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்றால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. வலிப்பு வந்த கர்ப்பிணி என்றால் மெக்னீசியம் சல்பேட் முதல் டோஸ், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம், மொத்தம் 10 கிராம் ஆழமாகப் போட்ட பிறகே வண்டி ஏற்ற வேண்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு என்றால் அதை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள். இதையெல்லாம் கொடுக்க யாருடைய கோவிட் ரிசல்ட்டும் தேவையில்லை.

நீதிக்கட்டு:
டாக்டர் சொன்ன அந்த வாசல் மறுப்புக்குச் சட்டம் பழையது, தெளிவானது. 1989 பரமானந்த் கட்டாரா வழக்கில் அவசர நோயாளிக்கு முதலில் சிகிச்சை, நடைமுறையெல்லாம் பிறகு என்றது உச்ச நீதிமன்றம். 1996 பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், படுக்கை இல்லை என்று அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை (உயிர்வாழும் உரிமை) மீறியது என்று சொல்லி இழப்பீடும் வழங்கியது. 2010இல் டெல்லி உயர் நீதிமன்றம் லக்ஷ்மி மண்டல் வழக்கில், பேறுகாலச் சிகிச்சை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று ஏற்றது. பெருந்தொற்றுக்குள்ளேயே 2021 ஏப்ரல் 30 ஆணையில், உள்ளூர் முகவரிச் சான்றோ அடையாளச் சான்றோ இல்லை என்பதற்காக யாருக்கும் அனுமதியோ அத்தியாவசிய மருந்தோ மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புலம்பெயர்ந்த தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு இந்த வரி மிக முக்கியம்.

ஓட்டை எங்கே தெரியுமா? 1897ஆம் ஆண்டு கொள்ளைநோய்ச் சட்டத்தை 2020இல் திருத்தினார்கள். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் தண்டனை என்று சேர்த்தார்கள், அது தேவைதான். நோயாளியின் உரிமை பற்றி ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரம் பற்றிப் பேசுகிறது. விதவைகள், அநாதைகள் பெயர் அதில் உண்டு. கர்ப்பிணி இல்லை, பிரசவமான தாய் இல்லை. ஊரடங்கு முழுக்க இந்தச் சட்டத்தின் கீழ்தான் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். 61ஆம் பிரிவு பால், சாதி, சமூகம், மத அடிப்படையில் நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. மனு எழுதும்போது இதை யாரும் கையில் எடுப்பதில்லை, எடுக்க வேண்டும்.

கிராமச் செவிலி:
வாசல் மறுப்பு செய்தியில் வந்தது. சத்தமில்லாமல் நடந்தது கர்ப்பகாலப் பரிசோதனையில்தான். பஸ் நின்றதும் தாய்மார் வரவில்லை. வி.எச்.என்.களை (கிராமச் சுகாதாரச் செவிலியர்) வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கவும் தனிமைப்படுத்தல் வீடுகளைப் பார்க்கவும் அனுப்பிவிட்டார்கள். "போனில் விசாரியுங்கள்" என்றார்கள்.

போனில் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்க முடியாது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. குழந்தை அசைகிறதா, கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல், நீர்க்கசிவு, ரத்தக்கசிவு இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பி.பி., சிறுநீரில் புரதம், எச்.பி. (ஹீமோகுளோபின்), வயிற்று உயரம், குழந்தையின் இதயத்துடிப்பு ஆகியவற்றுக்கு நேரில்தான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறும்போது பல பெண்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. "நல்லா இருக்கேன்மா" என்பார்கள். அடுத்த வாரம் வலிப்பு.

குறிப்பில் சேர்க்க வேண்டியவை:

எத்தனை முறை குறைத்தாலும் நான்கு நேரடிப் பரிசோதனைகள் குறையக் கூடாது. 12 வாரத்துக்குள் பதிவு. 18 முதல் 20 வாரத்தில் ஸ்கேன். 24 முதல் 28க்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை (140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை). 36இல் பிரசவம் எங்கே என்று முடிவு. ஸ்கேனையோ சர்க்கரைப் பரிசோதனையையோ வந்த அன்றே முடிக்க முடியாவிட்டால், இரண்டாவது முறை வர வண்டி ஏற்பாடு நம் பொறுப்பு.

இரும்புச்சத்து மாத்திரை 60 மி.கி. இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், நாளொன்றுக்கு ஒன்று, கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள். மாதாமாதம் 30 கொடுப்பதை ஊரடங்கு அறிவித்த அன்றே 90 ஆக்க வேண்டும். கால்சியம் 500 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் ஒட்டாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்று மாத மாத்திரையை மொத்தமாக அள்ளிக் கொடுக்கும்போது இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல விட்டுப்போகும். அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.

பி.எச்.சி.யில் (ஆரம்பச் சுகாதார நிலையம்) ஒரு வி.எச்.என்.னையாவது கோவிட் வேலைக்கு எடுக்கக் கூடாது என்று பெயர் போட்டு உத்தரவு வேண்டும். இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது.

எண்வழி:
ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் தொற்றின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். தேசியக் குடும்பநல ஆய்வு ஐந்தாம் சுற்றில் (2019–21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நான்காம் சுற்றில் 53. அடித்தளமே பலவீனம், தொற்று அதன்மேல் வந்து விழுந்தது. இன்னொன்று: தமிழ்நாட்டில் இந்த ஆய்வின் களப்பணி 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் நின்று, டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. பாதி தொற்றுக்கு முன், பாதி பின். இதை "தொற்றின் விளைவு" என்று காட்டினால் அதிகாரி ஒரே கேள்வியில் கிழித்துவிடுவார்.

பேறுகால மரண விகிதத்திலும் இதே பொறி உண்டு. மாதிரிப் பதிவு அமைப்பு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் வெளியிடும். 2018–20க்கு இந்தியாவில் லட்சம் உயிருள்ள பிறப்புக்கு 97, தமிழ்நாட்டில் 54. 2019–21க்கு 93, 49. கோடு இறங்கிக்கொண்டே போவது போலத் தெரியும். 2021 ஏப்ரல், மே மாதங்களில் நடந்தது அந்தச் சராசரிக்குள் கரைந்துபோயிருக்கும். அமெரிக்கா ஆண்டுவாரியாக வெளியிடுவதால்தான் அங்கே ஏற்றம் தெரிந்தது: 2019இல் 20.1, 2020இல் 23.8, 2021இல் 32.9. அதையும் இனவாரியாகப் பிரித்ததால்தான் 2021இல் கறுப்பினப் பெண்களுக்கு 69.9, வெள்ளையினப் பெண்களுக்கு 26.6 என்பது வெளியே வந்தது. பிரிக்காத எண்ணில் சமத்துவமின்மை தெரியாது.

நம் மாநிலத் தினசரி அறிக்கையில் ஆண், பெண், திருநர் என்று பிரித்துப் போட்டார்கள். அது நல்ல வேலை. கர்ப்பிணியா, பிரசவமாகி 42 நாளுக்குள்ளா என்ற கட்டம்தான் அதில் இல்லை. குறிப்பில் அந்த ஒரு கட்டத்தைக் கேளுங்கள். பிக்மி எண், அதாவது மாநில அரசின் கர்ப்பகாலப் பதிவு எண், ஏற்கெனவே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் இருக்கிறது. பரிசோதனைப் படிவத்தில் அதை எழுத ஓர் இடம் விட்டால் போதும், தனி மென்பொருள் வேண்டாம்.

செங்காந்தள்:
எண்வழி சார், பிக்மி எண் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தடுப்பூசியில் என்ன நடந்தது என்று யாராவது தேதியோடு சொல்ல முடியுமா? "கர்ப்பிணிகளே தயங்கினார்கள்" என்று சொல்லிப் பழியை அவர்கள் மேல் போடுகிறார்கள்.

பொதிகை மருத்துவர்:
தயக்கம் பிறகு வந்தது. முதலில் வந்தது தடை. தடுப்பூசி தொடங்கியது 2021 ஜனவரி 16. பாலூட்டும் தாய்மாருக்கு அனுமதி மே 19. கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2. நடுவில் இரண்டாம் அலை முழுதாக வந்து போய்விட்டது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் கர்ப்பிணிகளிலும் பிரசவமான பெண்களிலும் அறிகுறியோடு நோய் வந்தவர் முதல் அலையில் 14.2 சதவீதம், இரண்டாம் அலையில் 28.7. இறப்பு 0.7இலிருந்து 5.7 சதவீதம். அந்தக் காலத்தில் அவர்கள் ஊசி போட வந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பார்கள். ஐந்தரை மாதம் "உனக்கு இது ஆபத்து" என்று சொல்லிவிட்டு, ஆறாம் மாதம் "வா, போட்டுக்கொள்" என்றால் எந்தப் பெண் நம்புவாள்?

எண்வழி:
டாக்டர், ஜனவரியில் தரவு இல்லையே. தரவு இல்லாமல் கர்ப்பிணிக்குப் போட்டிருந்தால் அதுவும் உரிமை மீறல் என்றுதான் இங்கே பேசிக்கொண்டிருப்போம்.

பொதிகை மருத்துவர்:
நியாயமான கேள்வி. ஆனால் தரவு ஏன் இல்லை? சோதனையிலிருந்தே கர்ப்பிணிகளை விலக்கிவைத்ததால். விலங்குகளில் செய்யும் இனப்பெருக்க நச்சுத்தன்மைச் சோதனையை மூன்றாம் கட்டத்தோடு சேர்த்தே முடித்திருக்கலாம். முடிந்த கையோடு இரண்டாம், மூன்றாம் மும்மாதப் பெண்களில் விருப்பமுள்ளவர்களைச் சேர்த்திருக்கலாம். அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்ட 35,691 கர்ப்பிணிகளின் முதற்கட்டத் தரவு ஏப்ரல் 2021இலேயே வெளியாகிவிட்டது, கவலைப்படும்படி எதுவும் அதில் இல்லை. பிரிட்டன் அதே மாதம் பரிந்துரைத்தது. நம்மிடம் மகப்பேறு மருத்துவர் சங்கமும் ஜூலைக்கு முன்பே கேட்டது. மருத்துவப் பணியாளரில் கர்ப்பிணியாக இருந்தவர்களை நினைத்துப் பாருங்கள்: கோவிட் வார்டில் வேலை உண்டு, ஊசி கிடையாது. ஆபத்தை எடைபோட்டுத் தானே முடிவெடுக்கும் உரிமையையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

வடமராட்சி:
இலங்கையில் 2021 ஜூனில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொவிட் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினார்கள். வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர் ஏற்கெனவே ஒவ்வொரு தாயையும் பெயரோடு அறிந்திருப்பதும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிவு இருப்பதும் இதற்கு உதவின. இணையத்தில் இடம் பிடிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

மற்றப் பக்கம் இருட்டுத்தான். தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவின்படி தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே கருக்கலைப்புச் செய்யலாம். வல்லுறவால் வந்த கருவுக்கும் விலக்கில்லை. முடக்க காலத்தில் வீட்டுக்குள்ளேயே வன்முறைக்கு ஆளாகி, கருத்தடை மாத்திரையும் கிடைக்காமல் இருந்த பெண்ணுக்கு எந்தச் சட்டவழியும் இல்லை. உங்கள் நாட்டில் சட்டம் இருந்தும் சேவை நின்றது என்று வாசிக்கும்போது, அந்தச் சட்டத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

தாமரைக்குளம்:
வடமராட்சி அக்கா சொன்ன இடத்துக்குத்தான் நானும் வருகிறேன். இந்திய அரசின் 2020 ஏப்ரல் 14 வழிகாட்டுதலில் பாதுகாப்பான கருக்கலைப்பு அத்தியாவசியச் சேவை என்று எழுத்திலேயே இருந்தது. அப்படி இருந்தும், ஊரடங்கும் அதற்குப் பிந்தைய வாரங்களும் சேர்ந்த மூன்று மாதங்களில் சுமார் 18.5 லட்சம் பெண்களுக்குக் கருக்கலைப்பு தடைப்பட்டோ தள்ளிப்போயோ இருக்கும் என்று ஐபாஸ் டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் மதிப்பிட்டது. அதில் பெரும்பகுதி மருந்துக் கடையில் மாத்திரை கிடைக்காததால்.

மற்றச் சிகிச்சை தாமதமானால் காத்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு வாரமும் ஒரு கதவு மூடுகிறது. ஒன்பது வாரம்வரை மாத்திரை: மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒன்று, 36 முதல் 48 மணி நேரம் கழித்து மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம், மருத்துவர் மேற்பார்வையில். பன்னிரண்டு வாரம்வரை உறிஞ்சி எடுக்கும் எளிய முறை. அதற்கு மேல் பெரிய மருத்துவமனை, இரண்டு மூன்று நாள் தங்கல். 2020இல் சட்ட வரம்பே 20 வாரம்தான். எட்டு வாரத்தில் நாள் தள்ளிப்போனது தெரிந்த பெண்ணுக்குப் பத்து வார முடக்கம் என்றால் 18 வாரம். பரிசோதனை, ரிசல்ட், வண்டி என்று இன்னும் இரண்டு வாரம் போனால் நீதிமன்றப் படி ஏற வேண்டியதுதான். 24 வாரம்வரை குறிப்பிட்ட சில வகைப் பெண்களுக்கு அனுமதிக்கும் திருத்தம் 2021 செப்டம்பர் 24இல்தான் நடைமுறைக்கு வந்தது. மணமாகாத பெண்களும் அதில் அடங்குவர் என்பது 2022 செப்டம்பர் 29 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

இங்கிலாந்து 2020 மார்ச் 30 அன்றே தொலைபேசி ஆலோசனைக்குப் பின் இரண்டு மாத்திரைகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ள அனுமதித்தது; பிறகு நிரந்தரமாக்கியது. நம்மிடம் தொலைமருத்துவ நெறிமுறை 2020 மார்ச் 25இல் வந்தும் கருக்கலைப்புக்கு அந்த வழி திறக்கவில்லை.

குறிப்பில் குறைந்தபட்சம் இது வேண்டும்: ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு மையம் மூடாமல் இருக்க வேண்டும், அங்கே மாத்திரை இருப்பு வாராவாரம் எண்ணப்பட வேண்டும். கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதித் தருக: ஒரு மணி நேரத்தில் இரண்டு பேட் முழுக்க நனைந்து, அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது ஒருபக்க வயிற்றுவலியோடு மயக்கம் வந்தால், அல்லது ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் இருந்தால் உடனே வர வேண்டும். ஒருபக்க வலி கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம். அதை மாத்திரை கலைக்காது.

கிராமச் செவிலி:
கருத்தடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறுவைச் சிகிச்சை முகாம் நின்றது, காப்பர் டி பொருத்துவதும் குறைந்தது. அந்தரா என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாள் தவறினாலும் நான்கு வாரம்வரை போடலாம். இது தெரியாமல் "தேதி போச்சு, மாதவிடாய் வந்ததும் வா" என்று அனுப்பிய இடங்களில் அந்தப் பெண் பாதுகாப்பில்லாமல் போயிருப்பாள்.

எண்வழி:
இன்னொரு சின்ன விஷயம். 2020 ஏப்ரல் 4 அன்று, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் சில விதிகளை ஜூன் 30 வரை மத்திய அரசு நிறுத்திவைத்தது. ஸ்கேன் மையங்கள் மாதம் 5ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டிய அறிக்கையும் அதில் அடக்கம். ஸ்கேன் நடக்கலாம், அறிக்கை மட்டும் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? அடுத்த முறை இந்த விதியில் கை வைக்கக் கூடாது.

பொதிகை மருத்துவர்:
தொற்று வந்த கர்ப்பிணிக்கான சிகிச்சை பற்றிச் சில வரி, ஏனென்றால் தவறுகள் இங்கே உயிரை எடுத்தன. கர்ப்பிணிக்கு ஆக்ஸிஜன் அளவு 95க்குக் கீழே இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கு வைத்த குறைந்த அளவை இவர்களுக்கும் வைத்து "வீட்டிலேயே இருங்க" என்று அனுப்பியது தவறு. ஃபாவிபிராவிர் என்ற கோவிட் மாத்திரை கருவுக்கு ஊறு செய்யும், கொடுக்கவே கூடாது. 2020, 21இல் அது தாராளமாக எழுதப்பட்ட மருந்து. மார்பு எக்ஸ்ரே எடுக்கப் பயப்பட வேண்டாம். கருவுக்குப் போகும் கதிர்வீச்சு மிகமிகக் குறைவு. "கர்ப்பிணி, அதனால் எக்ஸ்ரே வேண்டாம்" என்று நிமோனியாவைத் தவறவிடுவது பெரிய ஆபத்து. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டியதும் இல்லை. முகக்கவசம் போட்டுக் கை கழுவிப் பால் கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே சொன்னது.

தாமரைக்குளம்:
பணியாளர் பக்கம் யாரும் தொடவில்லை. உலக அளவில் சுகாதாரப் பணியாளரில் சுமார் 70 சதவீதம் பெண்கள். கவச உடை வந்ததோ பெரும்பாலும் ஆண் உடம்பு அளவில். முகக்கவசம் கன்னத்தோரம் இடைவெளி விட்டால் அது வெறும் துணிதான். ஆறு மணி நேரம் உடையைக் கழற்ற முடியாது என்பதால் தண்ணீர் குடிக்காமல், மாதவிடாய் நாளில் பேட் மாற்றாமல் வேலை பார்த்தார்கள். சிறிய அளவு கொள்முதலில் எத்தனை சதவீதம் என்பதையும், மாதவிடாய் நாளில் நான்கு மணி நேர ஷிப்ட் என்பதையும் உத்தரவில் எழுத வேண்டும். ஊர் ஊராகச் சுகாதார வேலை பார்க்கும் ஆஷா பணியாளர்களுக்குக் கோவிட் வேலைக்காக மாதம் கூடுதலாகக் கிடைத்தது 1,000 ரூபாய். 2020 ஆகஸ்டில் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் விருது வந்தது. ஊழியர் என்ற தகுதி இன்னும் வரவில்லை.

செங்காந்தள்:
நீதிக்கட்டு சார், இவ்வளவும் உத்தரவில் வந்தாலும் இரவு இரண்டு மணிக்கு வாசலில் மறுத்தால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்?

நீதிக்கட்டு:
அந்த நேரத்தில் வாதாடுவது வேலையில்லை, அடுத்த மருத்துவமனைக்குப் போவதுதான் வேலை. ஆனால் நான்கு தடயங்கள் கைவசம் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸ் எண்ணில் அழைத்த நேரமும் அழைப்பு எண்ணும். வாசலில் நின்ற நேரத்தைக் காட்டும் ஒரு படம், பெயர்ப்பலகையோடு. மறுத்தவர் பெயர் தெரியாவிட்டால் பதவி. "அனுப்புகிறோம்" என்று சொன்னால் அனுப்பும் சீட்டு, காரணத்தோடு. சீட்டு தர மறுத்தால் அந்த மறுப்பையே 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிடுங்கள், பதிவு நிற்கும்.

பிறகு: மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுத்தில் புகார். தனியார் மருத்துவமனை என்றால் தமிழ்நாட்டின் 1997 மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் காட்டுங்கள். மத்திய அரசின் 2010 சட்டம் இங்கே நேரடியாகப் பொருந்தாது, மனுவில் அதை எழுதிப் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனை என்றால் மாநில மனித உரிமை ஆணையம், நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள். ஓராண்டு தாண்டினால் எடுக்கமாட்டார்கள். இறப்பு நேர்ந்திருந்தால் பேறுகால மரணத் தணிக்கை கட்டாயம் நடக்கும். அதில் குடும்பத்தாரின் வாக்குமூலம் பதிவாக வேண்டும், வாசலில் போன நேரமும் அதில் வர வேண்டும். தணிக்கைப் படிவத்தில் தாமதத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: வீட்டில் முடிவெடுக்கத் தாமதம், வழியில் தாமதம், மருத்துவமனையில் தாமதம். மூன்று மருத்துவமனை அலைந்த நேரத்தை "வழியில்" என்ற கட்டத்தில் எழுதிவிடுவார்கள். அது மூன்றாவது கட்டத்துக்கு உரியது. உங்கள் குறிப்பில் இதைத் தனி வரியாகப் போடுங்கள்.

கிராமச் செவிலி:
அந்தக் கடைசி வரிக்கு நன்றி சார். தணிக்கைக் கூட்டத்துக்குப் போகும் வி.எச்.என்.களுக்கு அனுப்பி வைக்கிறேன்.